கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு கடை

எங்கள் பக்கத்துக் கோடை விடுமுறையைப் பள்ளிக்கூடம் கொடுப்பதில்லை, மீன்வளத் துறை கொடுக்கிறது. ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் நடு வரை காசிமேட்டில் விசைப்படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சும்மா நிற்கும். படகில் போகிறவர்கள் பகலில் தூங்குவார்கள், சீட்டாடுவார்கள், மனைவியோடு சண்டை போட்டுவிட்டு அவளையே திருப்பதிக்கும் கூட்டிக்கொண்டு போவார்கள். கல்யாணம், காதுகுத்து, வீட்டுக்கு வெள்ளையடிப்பது எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிட வேண்டும். மற்ற பத்து மாதம் யாருக்கும் நேரம் கிடையாது.

திருவொற்றியூரிலேயே பிறந்து வளர்ந்தும் எனக்கு இந்த விடுமுறையில் பங்கு இருந்ததில்லை. எங்களுடையது மீன் சாப்பிடாத குடும்பம். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தது. நாங்கள் கூப்பிட்டதில்லை.

வட சென்னையில் ஓர் அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவின் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். என்னைவிட விதி தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் இருந்ததில்லை, மேலதிகாரிகள் உள்பட. என் மனைவி இறந்தபோது படிவத்தை நானே நிரப்பினேன். இருபத்தொரு நாள் கெடு உண்டு. மூன்றாம் நாள் காலையில் பதிந்து முடித்துவிட்டேன். துபாயில் இருக்கும் என் மகள் அதற்குப் பிறகு என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். தாமதக் கட்டணம் கட்டியிருந்தால் நல்ல அப்பாவாகியிருப்பேன் போலிருக்கிறது.

போன வருடம், தடைக்காலம் தொடங்கிய மறுநாள், என் வீட்டுக் கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு பெண் தள்ளுவண்டியை நிறுத்தி அடுப்பு பற்றவைத்தாள். ஐம்பது வயது இருக்கும். நல்ல உயரம், கறுப்பு, காதில் பெரிய கம்மல். நான் அளவெடுக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

"என்னம்மா, யாரைக் கேட்டு இங்க போட்டே?"

அவள் அடுப்பை விட்டு நிமிர்ந்தாள். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் தவறாகப் புரிந்துகொண்டேன். அறுபத்து மூன்று வயதில் ஒரு பெண் உற்றுப் பார்த்தால் ஆண்பிள்ளை எப்படிப் புரிந்துகொள்வானோ அப்படி.

"யார கேக்கணும் சார்?"

"இது என் சுவர்."

"சுவத்த நீ வச்சிக்க. நான் ரோட்டுலதான் கீறேன்."

"ரோட்டுல கடை போட விற்பனைச் சான்று வேணும். அடையாள அட்டை இருக்கா?"

"அந்த டேப்ப சுருட்டு சார், எண்ணெயில உழுந்துடப் போவுது. வாழக்கா வேணுமா, வெங்காயமா?"

அவளுடைய தொழில் மீன். வருடத்தில் பத்து மாதம் காசிமேட்டு ஏலத்தில் எடுத்து, தேரடிப் பக்கம் உட்கார்ந்து விற்பாள். தடைக்காலத்தில் மட்டும் பஜ்ஜி. இதை அவள் சொன்னபோது நான் இரண்டாவது வாழைக்காய் பஜ்ஜியில் இருந்தேன். மீன் விற்கிற கை சுட்ட பஜ்ஜி என்று தெரிந்ததும் கீழே வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அவள் கையில் கடலைமாவு வாசனைதான் அடித்தது. என் ஆசாரம் மூக்களவில்தான் இருந்திருக்கிறது என்று அன்று தெரிந்தது.

ஆக்கிரமிப்பு பற்றி நான் எழுத நினைத்திருந்த புகார் மனு ஒரு வாரத்தில் வேறு மனுவாக மாறியது. அவளுக்காகத் தெருவோர விற்பனைச் சான்று கேட்டு நானே விண்ணப்பம் தயாரித்தேன். இடம் என்ற கட்டத்தில் 'கிழக்குச் சுவரை ஒட்டி' என்று எழுதி என் கதவு எண்ணைப் போட்டேன். பொருள் என்ற கட்டத்தில் 'பஜ்ஜி' என்று எழுதியிருக்கலாம். நாளைக்கு அவள் சுண்டலோ இட்லியோ விற்க நினைத்தால் இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று 'உணவுப் பொருட்கள்' என்று எழுதினேன். தொலைநோக்கு எனக்கு எப்போதும் உண்டு.

தினமும் ஐந்து மணிக்கு என் பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவருக்கு வெளியே போட்டுக்கொள்வேன். கன்டெய்னர் லாரிகள் போகும்போது எண்ணெய்ச் சட்டி நடுங்கும். மணலித் தொழிற்சாலைகள் பக்கத்திலிருந்து காற்றடித்தால் இருவரும் ஒன்றாக இருமுவோம். அவள் என்னை ஆபீசரு என்று கூப்பிடத் தொடங்கினாள். நான் படிக்கும் செய்தித்தாளைக் கிழித்து அதிலேயே எனக்கு பஜ்ஜி கொடுப்பாள், நான் இன்னும் படிக்காத பக்கமாகப் பார்த்து.

"ஏன் ஆபீசரு, காலைல பல்லு வெளக்கறதுக்கும் எதுனா பாரம் கீதா உன்னாண்ட?"

"படிவமா? இருந்திருந்தா நாட்டுல பாதிப் பேருக்குப் பல்லு இருந்திருக்கும்."

அவள் சிரிப்பாள். நாற்பது வருடம் என்னைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. என் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள், அது கணக்கில் வராது.

ஒருநாள் நான் அவளை 'நீங்க' என்றேன். கரண்டி அப்படியே நின்றது. "இன்னா, திடீர்னு மரியாத? ஒடம்பு சரியில்லயா?" என்றாள்.

அவளைச் சிரிக்க வைப்பதற்காக அலுவலகக் கதைகள் சொல்வேன். அதில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது, எத்தனையோ பிரிவுபசார விருந்துகளில் சொல்லிச் சொல்லித் தேறியது. அன்று இரண்டு ஆட்டோக்காரர்களும் தட்டோடு நின்றிருந்தார்கள்.

"ஒரு தடவை ஒரு பொம்பளை கவுன்டருக்கு வந்தா. புருஷன் செத்துட்டான், சர்டிபிகேட் குடுன்னா. பாடி எங்கன்னு கேட்டேன். கடல்லன்னா. யார் பார்த்தான்னேன். கடல் பார்த்துச்சுன்னா. அப்ப கடலைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வா, டோக்கன் போட்டு உட்கார வைக்கிறேன்னேன். மொத்த செக்‌ஷனும் சிரிச்சுது."

ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சட்டியில் இருந்த பஜ்ஜிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள். அன்று எனக்குக் கொடுத்ததெல்லாம் கருகியிருந்தது. பேச்சில் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

மே மாதக் கடைசியில், கடைக்கு விடுப்பு விட்டு, எண்ணூர் முகத்துவாரம் போகலாமா என்று அவள்தான் கேட்டாள். ஷேர் ஆட்டோவில் போனோம். வேறு ஊர்களில் காதலர்களுக்கு ஏரியும் பூங்காவும் கிடைக்கும். எங்களுக்கு அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும், சாம்பல் கலந்து சிமென்ட் நிறத்தில் ஓடும் ஆறும், அது கடலில் சேரும் இடத்தில் முழங்கால் தண்ணீரில் இறால் தடவும் பெண்களும் கிடைத்தார்கள். நான் கைக்குட்டையை விரித்து அதன்மேல் உட்கார்ந்தேன்.

"மண்ணுலதான் போவப் போற ஆபீசரு. இப்பவே பழகிக்க," என்றாள். மாங்காய்க் கீற்று வாங்கி என்னிடம் ஒன்று நீட்டினாள்.

பிறகு, தூரத்தில் நங்கூரம் போட்டிருந்த கப்பல்களைப் பார்த்துக்கொண்டே தன் கணவனைப் பற்றிச் சொன்னாள். ஏழு வருடத்துக்கு முன் காசிமேட்டிலிருந்து போன படகு. காலையில் வலை இறக்கும்போது கயிறு காலில் சுற்றி இழுத்துக்கொண்டு போய்விட்டது. கூட இருந்த நான்கு பேரும் இரண்டு நாள் தேடினார்கள். கிடைக்கவில்லை. பதினாறாம் நாள் ஊர் கூடி, ஆளுக்குப் பதிலாக அவன் சட்டையை வைத்துக் காரியமெல்லாம் செய்து முடித்தார்கள்.

"உடல் கிடைக்கவே இல்லையா?" என்று கேட்டேன். தொழில் பழக்கம்.

"இல்ல."

அவள் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள். எனக்குள் ஏதோ தட்டியது. மாங்காயில் மிளகாய்ப்பொடி அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். அவள் கையைப் பிடித்தேன்.

கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அங்கேயே கேட்டேன். அவள் கடித்து மீந்த மாங்காயை ஆற்றில் எறிந்தாள்.

"நான் எதிர்ல வந்தா உங்க ஜனம் மூக்கப் பொத்திகினு போவும். தெரியுமா?"

"தெரியும்."

"இப்ப மாவு வாசன. போட்டு கடலுக்குக் கெளம்பிடுச்சினா நாறுவேன். குளிச்சாலும் போவாது."

"பரவாயில்லை."

"உனுக்குப் பரவால்லயான்னு உன் மூக்குதான் சொல்லணும்." எழுந்து புடவையில் மண்ணைத் தட்டினாள். "செரி. ஆனா தட முடியறதுக்குள்ள கட்டிடு. கோயில்ல மஞ்சக் கயிறு போதும். போட்டு போயிடுச்சினா எனுக்கு ஒக்கார நேரம் கெடையாது."

இரண்டு வாரத்துக்குச் சற்று அதிகம் இருந்தது. அறுபத்து மூன்று வயதில் எனக்கு ஒரு கெடு வைக்கப்பட்டிருந்தது. வாழ்நாளெல்லாம் நான் மற்றவர்களுக்கு வைத்தவன்.

எந்த மனிதனும் அப்போது வீட்டுக்குப் போய் வேட்டியை இஸ்திரிக்குக் கொடுத்திருப்பான். நான் போய்த் தாள் எடுத்துப் பட்டியல் எழுதினேன். திருமணப் பதிவுக்கு வயதுச் சான்று, முகவரிச் சான்று, முந்தைய துணையின் இறப்புச் சான்று. என்னுடையது தயார். அவளுடையதைக் கேட்டேன்.

"அதான் இல்லன்னு சொன்னேனே," என்றாள்.

"இல்லாம எப்படி? ஏழு வருஷத்துக்கு மேல காணாம போனவரை இறந்ததா கோர்ட்ல ஆணை வாங்கலாம். போலீஸ்ல குடுத்த புகார், பழைய மனு, எதாவது இருக்கும். இருக்கறதை எடுத்துட்டு வா."

ஒரு வாரம் கழித்து ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். வைத்துவிட்டு மாவு கரைக்கப் போய்விட்டாள். புகார் ரசீது இருந்தது. குடிசை மாற்று வாரிய வீட்டு ஒதுக்கீட்டு ஆணை இருந்தது, கணவன் பெயரில். அதற்கு அடியில், நான்காக மடித்து மடிப்பில் கிழிந்த ஒரு மனு. இறப்பைப் பதிந்து சான்று வழங்கும்படி கேட்டது. அதன் ஓரத்தில் நீல மையில் ஒரு குறிப்பு.

'உடல் கிடைக்கவில்லை. பதிவு செய்ய இயலாது. ஏழு ஆண்டுகள் கழித்து வரவும்.'

கீழே என் சுருக்கொப்பம். அதை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வேன். அவ்வளவு அழகாகப் போடுவேன்.

அப்போதும் எனக்கு அவள் முகம் நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வந்தது ஒன்றுதான். கவுன்டரில் நின்ற அந்தப் பெண் என்னை 'நீ' என்றாள். போலீஸ் அறிக்கையையும் படகிலிருந்தவர்களின் வாக்குமூலத்தையும் இணைத்து அந்த மனுவை மேலே அனுப்ப ஒரு வழி இருந்தது. எனக்குத் தெரியும். ஒரு முன்குறிப்பு எழுத வேண்டும், அரைப்பக்கம். அவள் 'நீ எழுதேன்' என்றாள். அதனால் எழுதவில்லை. இதற்கு வேறு காரணம் எதையாவது கண்டுபிடிக்க இந்த ஒரு வருடமும் முயன்று பார்த்துவிட்டேன். இல்லை.

நான் தலையைத் தூக்கியபோது அவள் கரண்டியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிச்சிட்டியா?"

"தெரியுமா உனக்கு? நான்தான்னு?"

"மொத நாளே தெரியும். ஏழு வருசம் கழிச்சி வான்னு எழுதின. கரெக்டா முடிஞ்சுது, ஆபீசுக்குப் போனேன். அவரு ரிட்டையர்டு, வூடு திருவொத்தியூர்லன்னு சொன்னாங்க. வந்தேன். நீ டேப்ப எடுத்துகினு சண்டைக்கி வந்தே."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். செரி, ஆளுக்கு நாபகம் வருதா பாப்போம்னு பஜ்ஜி குடுத்தேன். வரும் வரும்னு பாத்தேன். கதைதான் வந்துது."

அடுப்பைக் குறைத்தாள். குரல் உயரவில்லை.

"கடலு பாத்துதுன்னு நான் சொல்லல ஆபீசரு. போட்டுல நாலு பேரு பாத்தாங்கன்னு சொன்னேன். அந்த நாலு பேரும் உன் ஆபீசு வாசல்ல செருப்பக் கழட்டிட்டு நின்னுகினு இருந்தாங்க. நீ கூப்புடவே இல்ல."

அது உண்மைதான். கதையை நன்றாக ஆக்குவதற்காக அந்த நால்வரையும் நான் நீக்கியிருந்தேன். கடல் பார்த்தது என்பது என் சேர்க்கை.

மன்னிப்பு கேட்டேன். அவள் அதை வாங்கிக்கொள்ளவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை.

"எங்காளு பேர்ல கீற வூட்ட எம்பேருக்கு மாத்த முடில. கொழுந்தன் வருசா வருசம் வந்து, அண்ணன் உசுரோடதான் கீறான், நீ யாருன்னு கேக்கறான். அது கெடக்கட்டும். இப்ப ஒண்ணு கேக்கறேன். தட முடிய எட்டு நாளு கீது. பேப்பர் இல்லாம வந்து கட்டுவியா?"

இதைவிடச் சுலபமான பரிகாரத்தை யாரும் யாருக்கும் கொடுத்திருக்க மாட்டார்கள். ஒரு மஞ்சள் கயிறு. கோயில் நடந்து போகும் தூரம்.

நான் சொன்னேன்: "முதல் திருமணம் சட்டப்படி நிலுவையில இருக்கும்போது இரண்டாவது செல்லாது. குற்றமும் கூட. என் பென்ஷன் புத்தகத்துல உன் பேரை ஏத்த முடியாது. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ யாருன்னு கேப்பாங்க."

"இப்பவும் அதத்தான் கேக்கறாங்க. பழகிடுச்சி."

"ஆறே மாசம். கோர்ட்ல வாங்கிடலாம்."

அவள் ஒரு பஜ்ஜியை எடுத்து எண்ணெய் வடித்தாள். "கடல வேணா சாட்சிக்கி இட்டுகினு வரட்டா?" என்றாள். ஆட்டோக்காரர்கள் அப்போது இல்லை. சிரிக்க யாரும் இருக்கவில்லை.

தடை முடியும்வரை கடை நடந்தது. நானும் தினமும் போய் உட்கார்ந்தேன். எட்டு நாளில் எந்த நாளும் நான் எழுந்து, வா போகலாம் என்று சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் அதற்கான விதியைத் தேடினேன். ஜூன் நடுவில் படகுகள் போயின. மறுநாள் காலை சுவரோரம் ஓர் எண்ணெய்க் கறையும் நான்கு செங்கல்லும் இருந்தன.

வழக்குக்கு மட்டும் அவள் சம்மதித்தாள். வீடு அவளுக்கு வேண்டும். எனக்குத் தெரிந்த இளம் வக்கீல் ஒருவரைப் பிடித்தேன். வக்காலத்தில் கையெழுத்து வாங்கத் தேரடிக்கு நானே போனேன். மீன் பலகையின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். என் மூக்கு அவள் சொன்னபடியே நடந்துகொண்டது. வாயால் மூச்சு விட்டேன், அவள் அதைக் கவனித்தாள். வக்காலத்தில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் வக்கீல் தாக்கல் செய்தார்.

இங்கே நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். இந்த வகை வழக்கில் இரண்டு விதமாகக் கேட்கலாம். ஏழு வருடமாகத் தகவல் இல்லை, இறந்துவிட்டதாகக் கருத வேண்டும் என்று பொதுவாகக் கேட்பது ஒன்று. இன்ன நாளில் இறந்தார் என்று தேதியோடு தீர்மானிக்கக் கேட்பது மற்றொன்று. இரண்டாவதற்கு நேரில் பார்த்த சாட்சி வேண்டும். படகிலிருந்த நால்வரில் ஒருவர் இறந்துவிட்டார். இருவர் மங்களூர்ப் படகுகளில் இருந்தார்கள். மீதி ஒருவர், அன்றைக்கு வாசலில் நின்றபோது கேட்டிருக்கலாமே சார் என்றார். இவர்களையெல்லாம் கூண்டில் ஏற்றினால் வழக்கு இரண்டு மூன்று வருடம் இழுக்கும். அடுத்த தடைக்காலத்துக்குள் முடிய வேண்டும் என்பதுதான் என் கவலை. பொதுவாகவே கேளுங்கள், தேதி வேண்டாம் என்று வக்கீலிடம் சொன்னேன். நாற்பது வருடத்தில் நான் எடுத்த முதல் குறுக்கு வழி. காதலுக்காக எடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

விசாரணை நாளில் நீதிமன்றத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவள் குளித்து, பூ வைத்து, நல்ல புடவை கட்டி வந்திருந்தாள். கணவர் உயிரோடு இருப்பதாக யாராவது சொன்னார்களா என்று நீதிபதி கேட்டார்.

"ஒருத்தரு எழுதியே குடுத்தாருங்க ஐயா," என்றாள்.

வக்கீல் பதறி எழுந்து, பழைய அலுவலகக் குறிப்பைச் சொல்கிறார் என்று விளக்கினார். நீதிபதி அந்தக் குறிப்பை வாங்கிப் படித்து, இதை எழுதியவர் யார் என்று கேட்டார். தெரியாதுங்க ஐயா, கையெழுத்து புரியல என்றாள். அவள் எட்டாவது வரை படித்தவள். கடைசி பெஞ்சை அவள் பார்க்கவே இல்லை.

மார்ச் மூன்றாம் வாரத்தில் ஆணை வந்தது. ஏப்ரலில், தடை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன், சான்று கையில் கிடைத்தது. கெடுவுக்குள் முடித்திருந்தேன். லேமினேட் செய்யவில்லை, செய்தால் செல்லாது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெள்ளைச் சட்டை அணிந்து, தடைக்காலத்தின் முதல் நாள் மாலை சுவரோரம் காத்திருந்தேன். மஞ்சள் கயிறும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

அவள் தள்ளுவண்டியோடு வந்தாள். சான்றைக் கொடுத்தேன். முழுவதும் நிதானமாகப் படித்தாள். ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"இது இன்னா தேதி?"

"இறந்த தேதி. சாட்சி வெச்சுத் தேதி கேக்கலை. அதனால ஆணை வந்த நாளையே போட்டிருக்காங்க."

"அப்ப எங்காளு போன மாசம்தான் செத்தாரா?"

"பதிவேட்டுப்படி."

"அது வரிக்கும்?"

"உயிரோட இருந்ததா அர்த்தம்."

"உங்கூட எண்ணூரு வந்தேனே, அப்போ?"

நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். விதி தெரிந்தவனுக்கு அது முடிவதில்லை. "சட்டப்படி, அப்ப நீ இன்னொருத்தர் மனைவி," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள், கவுன்டரில் சரியான பதில் கிடைத்தவர்கள் ஆட்டுவதுபோல. சான்றை மடிக்காமல் உறையில் போட்டு ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். வீட்டைப் பெயர் மாற்ற அது போதும்.

"செரி ஆபீசரு. போன மாசம் செத்தவருக்கு இன்னும் முப்பதாம் நாளு கூட ஆவல. எங்க பக்கம் வருசம் திரும்பற வரிக்கும் வூட்டுல நல்லது கெடையாது."

"அவருக்குத்தான் அப்பவே பதினாறு செஞ்சாச்சே. ஊரே கூடிச் செஞ்சுதுன்னு நீயே சொன்னே."

"அதுக்கு பேப்பர் கீதா?"

 என்னிடம் இருந்த ஒரே பதில் அந்த நீல மைக் குறிப்பு, நான் எழுதியது.

"நீ ஏழு வருசம்னு எழுதின. நான் ஒண்ணுதான் சொல்றேன்," என்றாள். பிறகு வண்டியின் மேல் போட்டிருந்த சாக்கை விலக்கினாள். "துக்க வூட்டுல எண்ணெச் சட்டி வெக்க மாட்டாங்க. அதனால இந்தத் தடைக்கி பஜ்ஜி இல்ல."

சாக்குக்குக் கீழே வாளை, நெத்திலி, துண்டு போட்ட சுறா. எல்லாம் கருவாடு. என் சுவரில் இரண்டு ஆணி அடித்து, கயிறு கட்டி, வாளையை வரிசையாகத் தொங்கவிட்டாள்.

ஒரு வாரத்தில் எதிர்வீட்டுக்காரர்களும் மாடியில் குடியிருப்பவர்களும் சேர்ந்து வந்தார்கள். சார், உங்களுக்குத்தான் ரூல்ஸ் தெரியும், ஒரு மனு எழுதுங்க என்றார்கள். அவளுக்கு நான் வாங்கிக் கொடுத்த விற்பனைச் சான்றின் நகலை எடுத்துப் பார்த்தேன். இடம், கிழக்குச் சுவரை ஒட்டி. பொருள், உணவுப் பொருட்கள். கருவாடு உணவுப் பொருள்தான். ஆட்சேபிக்க இடமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் படியில் இறங்கும்போது என்ன பேசிக்கொண்டார்கள் என்பது என் காதில் விழுந்தது. அதில் பாதி உண்மை.

துக்கம் பற்றி அவள் சொன்னதையும் சரிபார்த்தேன். வருடம் திரும்பும்வரை நல்ல காரியம் கூடாது என்பது எங்கள் பக்கத்திலும் உள்ளதுதான். என் மனைவிக்கு நான் அதைப் பார்த்திருக்கிறேன். அவள் சொன்னதில் எங்கும் நடைமுறைத் தவறு இல்லை.

அன்று ஐந்து மணிக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். வழக்கமான இடத்தில், அவளுக்கு இடது பக்கம், போடப் போனேன். அங்கே கடற்காற்று என் முதுகில் படும், நாற்றம் அந்தப் பக்கம் போய்விடும்.

"அங்க வேணா. இந்தாண்ட குந்து ஆபீசரு," என்று வலது பக்கத்தைக் காட்டினாள். "காத்து இப்டிதான் போவுது. ஒரு வருசம் மோந்து பாரு. அப்பால பேசலாம்."

அவள் காட்டிய இடத்தில் உட்கார்ந்தேன். சட்டைப் பையில் மஞ்சள் கயிறு இருந்தது. வாளையும் நெத்திலியும் காற்றோடு நேராக வந்தன. வாயால் மூச்சு விட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.